புதிய ரிவால்வர்: கடையில் சோதிப்பது முதல் வீட்டில் முதன்முறை துடைப்பது வரை

ஆயுத உரிமம் கைக்கு வந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பதை முழுமையாகச் சொல்பவர்கள் அரிது. அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள், கடையில் விலையைப் பற்றி மட்டும் பேசுவார்கள், துடைக்கும் முறையைத் தெரிந்துகொள்ள ஓய்வுபெற்ற காவலர் ஒருவரையோ என்.சி.சி. அனுபவம் உள்ளவரையோ தேடிப் போகவேண்டியிருக்கும். நான் பலரிடம் அலைந்து சேர்த்துக்கொண்டவற்றை, தமிழ்நாட்டில் தற்காப்புக்காக முதன்முறை பாயிண்ட் 32 போர் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு) ரிவால்வர் வாங்கப்போகும் உரிமதாரருக்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லாவற்றிலும் முக்கியமானது இது: துப்பாக்கியைச் சோதிப்பது, பில் போடுவதற்கும் உங்கள் உரிமத்தில் அதன் எண் ஏறுவதற்கும் முன்பாக நடக்கவேண்டும். எண் ஏறிய பின் தெரியவரும் குறையைச் சரிசெய்ய, மற்ற பொருள்களைப் போலக் கடையில் மாற்றிக்கொண்டு வரமுடியாது. அதற்கு அலுவலக அனுமதியும் கடிதப் போக்குவரத்தும் வாரக்கணக்கான காத்திருப்பும் தேவைப்படும்.

1. கடைக்குப் போகுமுன் உரிமத்தை வரிவரியாகப் படியுங்கள்

படிவம் 3-இல் வழங்கப்படும் உரிமத்தில் ஐந்து இடங்களைப் பாருங்கள். முதலாவது, ஆயுதத்தின் வகை. ரிவால்வர் என்று எழுதியிருந்தால் பிஸ்டல் வாங்க இயலாது. இரண்டு பெயர்களும் இருந்தால் மட்டுமே தேர்வு உங்களுடையது. இரண்டாவது, ஆயுதத்தை வாங்கி அதிகாரியிடம் காட்டவேண்டிய கடைசி நாள். மூன்றாவது, ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்ற இரண்டு எண்கள். நான்காவது, உரிமம் செல்லுபடியாகும் எல்லை. மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தை வைத்துக்கொண்டு, விலை குறைவு என்று கேள்விப்பட்டு வேறு மாநிலத்துக்குக் கிளம்பாதீர்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஐந்தாவது, உங்களுக்குத் தரப்பட்டிருக்கும் தனி அடையாள எண் சரியாக அச்சாகியிருக்கிறதா என்பது.

எழுத்துப்பிழை ஏதேனும் இருந்தால், துப்பாக்கி வாங்குமுன் உரிமம் வழங்கிய அலுவலகத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள். பெருநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகமும் மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகமும் இதைக் கவனிக்கின்றன. ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமத்தின் காலம் 5 ஆண்டுகள், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் 2. வீட்டில் ஏற்கெனவே உங்கள் பெயரில் பழைய துப்பாக்கிகள் இருந்தால் இந்தக் கணக்கில் அவையும் சேரும்.

கடைக்கு உரிமத்தின் அசலையும் நகல்களையும், ஆதார், பான் அட்டைகளையும், இரண்டு மூன்று ஒளிப்படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். செலவைக் கணக்கிடும்போது, சொல்லப்படும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ரிவால்வர், பிஸ்டல் ஆகியவற்றுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாகிவிட்டது. பழைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். தோட்டா, பூட்டுள்ள பெட்டி, துடைக்கும் கருவிகள் ஆகியவற்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

தோட்டா விஷயத்தில் புதியவர்கள் அடிக்கடி சிக்கும் பொறி ஒன்று உண்டு. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் பேச்சில் "முப்பத்திரண்டு போர்" என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டின் தோட்டாக்களும் வேறு வேறு. ரிவால்வருக்கானது 32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், அதன் பித்தளைக் கூட்டின் நீளம் சுமார் 23 மில்லிமீட்டர். அஷானி போன்ற பிஸ்டல்களுக்கானது 32 ஏ.சி.பி., அதன் கூடு சுமார் 17 மில்லிமீட்டர்தான். பெட்டியின்மேல் அச்சாகியிருக்கும் முழுப்பெயரைப் படித்து, உங்கள் துப்பாக்கியின் குழல்மேல் பொறித்திருக்கும் பெயரோடு ஒத்துப்பார்த்த பிறகே வாங்குங்கள்.

2. கையில் வாங்கியதும் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்

கடைக்காரர் "காலிதான் சார்" என்று சொல்லிக் கொடுத்தாலும், அவர் கண்முன் திறந்து காட்டியிருந்தாலும், உங்கள் கைக்கு வந்ததும் நீங்களே மறுபடி திறந்து பார்க்கவேண்டும். இதற்காக எந்த நல்ல கடைக்காரரும் வருத்தப்படமாட்டார். குழல்வாய் எப்போதும் ஆளில்லாத பக்கம் நோக்கியிருக்கட்டும், விரல் விசைக்கு வெளியே உடற்சட்டத்தின்மேல் நீண்டு படிந்திருக்கட்டும்.

கான்பூர்த் தொழிற்சாலைகளின் பழகிய 32 போர் ரிவால்வர், பிரிட்டனின் வெப்லி வகையைப் பின்பற்றி, மேற்புறத் தாழை அழுத்தினால் குழலும், தோட்டாக்கள் அமரும் ஆறு அறைகள் கொண்ட சுழலும் சிலிண்டரும் சேர்ந்து முன்பக்கமாக மடங்கும்படி அமைந்தது. 2014-இல் டைட்டானியக் கலவையில் வந்த நிர்பீக் ரிவால்வரும் இவ்வகையே. 2023-இல் வந்த பிரபல் போன்ற ரிவால்வர்களில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். எந்த வகையானாலும் முழுதாகத் திறந்து, ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, பிறகு விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டு வகையைத் திரைப்படங்களில் காட்டுவதுபோல மணிக்கட்டை உதறி மூடாதீர்கள், சிலிண்டரைத் தாங்கும் கை வளைந்துபோகும். மறுகையால் மெதுவாக அழுத்தி மூடுங்கள்.

3. எண்ணையும் முத்திரைகளையும் ஒத்துப்பாருங்கள்

உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் எண், பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டு, உற்பத்தியாளர் தரும் சான்று, கடைக்காரர் எழுதப்போகும் பில் ஆகிய நான்கிலும் ஒரே எண் இருக்கவேண்டும். ஆயுதச் சட்டம் 1959-இன் 8-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் அடையாளக் குறியும் இல்லாத துப்பாக்கியின் விற்பனையைத் தடைசெய்கிறது, அந்தக் குறியை அழிப்பதையும் மாற்றுவதையும் குற்றமாக்குகிறது. ஆகையால் தெளிவில்லாமல் பதிந்த ஓர் எண்ணைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். மூன்றா எட்டா என்று உங்களுக்கே ஐயம் எழுகிறதென்றால், ஐந்தாண்டு கழித்துப் புதுப்பிக்கும்போது பரிசோதிக்கும் அதிகாரிக்கும் அதே ஐயம் எழும். வேறொரு துப்பாக்கியைக் காட்டச் சொல்லுங்கள். எண் பொறித்த இடங்களைக் கைபேசியில் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்வதும் பின்னால் உதவும்.

4. இயக்கத்தைச் சோதியுங்கள்

இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத காலை நேரத்தில் கடைக்குப் போவதும், கடைக்காரரிடம் முன்பே சொல்லி அனுமதி கேட்பதும் நல்லது. ஒரு சிறு டார்ச், வெள்ளைத்தாள், கிடைத்தால் இருசக்கர வாகன மெக்கானிக்குகள் மெல்லிய இடைவெளியை அளக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கீழே சொல்லும் எல்லாச் சோதனைகளும் காலித் துப்பாக்கியில், தோட்டாப் பெட்டி அந்த மேசையிலேயே இல்லாத நிலையில் நடக்கவேண்டும்.

முதலில் குழல். திறந்த நிலையில் மறுமுனையில் வெள்ளைத்தாளைப் பிடித்து டார்ச் அடித்தால், உள்ளே திருகு வரிகள் ஒரே சீராகச் சுழன்று போவது தெரியும். தொழிற்சாலைக் கிரீஸ் படிந்திருந்தால் எதுவும் தெரியாது. அப்படியானால் ஒரு துணித்துண்டை விட்டுத் துடைத்துக்காட்டச் சொல்லுங்கள். கிரீஸின் பழுப்பை அழுக்கு என்று எண்ணிப் பயப்படவேண்டாம், அதைப்போலவே "கிரீஸ்தான்" என்ற விளக்கத்தைத் துரு இருக்கும் இடத்தில் ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். கிரீஸ் துணியோடு வந்துவிடும், துரு அதே இடத்தில் நிற்கும். குழல்வாயின் விளிம்பை விரலால் சுற்றித் தடவுங்கள். அங்கே ஒரு சிறு பள்ளம் இருந்தாலும் குறி விலகும்.

அடுத்து தாழ். மூடிய நிலையில் ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் குழலையும் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். மடங்கும் வகை ரிவால்வரின் உயிரே இந்தத் தாழில்தான் இருக்கிறது. புதிய துப்பாக்கியில் இங்கே உணரும்படியான ஆட்டம் இருக்கக்கூடாது. தாழை அழுத்தாமல் திறக்கவும் கூடாது.

சிலிண்டருக்கும் குழலின் பின்வாய்க்கும் இடையே மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கும். இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டர் சுழலாது. பொதுவாக 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரையில் இருப்பது நல்லது. வெளிச்சத்தின்முன் பிடித்துப் பார்த்தால் மெல்லிய கோடாகத் தெரியும். சிலிண்டரை ஒவ்வோர் அறையாகத் திருப்பும்போது அந்தக் கோடு ஒரே அளவில் இருக்கவேண்டும். ஓர் அறையில் விரிந்தும் இன்னொன்றில் சுருங்கியும் தெரிந்தால் சிலிண்டரின் முகம் சமமாக இல்லை என்று பொருள்.

பிறகு நேர ஒழுங்கு. சுத்தியைக் கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். சுத்தி முழுதாகப் பின்வந்து நிற்கும்போது சிலிண்டர் தன் இடத்துக்கு வந்து 'டக்'கென்று பூட்டியிருக்கவேண்டும். பூட்டாமல் நின்று, நீங்கள் கையால் சிறிது திருப்பியதும் பூட்டினால், அந்த அறை குழலுக்கு நேராக நிற்கவில்லை. சுடும்போது ஈயம் குழலின் விளிம்பில் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும், அருகில் நிற்பவருக்குக் காயம் ஏற்படலாம். ஆறு அறைகளுக்கும் இதைச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் தவறுவதும் உண்டு என்பதால், மூன்று நான்கோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கட்டைவிரலால் தாங்கியபடியே விசையை அழுத்தி மெல்ல இறக்குங்கள், வெறுமனே அடிக்க விடாதீர்கள். தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் அடிமுனை சுத்தியோடு சேர்ந்த வகைகளில் காலி அடி பலமுறை விழுந்தால் முனை உடையும். டம்மித் தோட்டா இருந்தால் அதைப் போட்டுச் சோதிக்கலாம்.

சுத்தி பின்னுக்கு நிற்கும் நிலையில், விசையைத் தொடாமல், கட்டைவிரலால் சுத்தியை முன்பக்கமாக மிதமாகத் தள்ளிப்பாருங்கள். அது அசையாமல் நிற்கவேண்டும். விழுந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். விசையைத் தடுக்கும் பாதுகாப்புக் கைத்தாழ் உள்ள வகையாக இருந்தால், அதைப் போட்ட நிலையில் விசை இயங்காமல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியாக, தோட்டாக்கூட்டை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகடு. திறக்கும்போது அது முழுதாக எழுந்து, பின் தானாகத் தன் பள்ளத்தில் சமமாக அமரவேண்டும். கைப்பிடித் தகடுகளில் வெடிப்பு இல்லாதிருப்பதையும் திருகாணிகள் இறுகியிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்பூச்சில் சிறு நிறவேறுபாடு இருந்தால் அதைப் பொருட்படுத்தவேண்டியதில்லை. புதியவர்கள் பெரும்பாலும் பளபளப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், என் கருத்தில் பூட்டும் நேர ஒழுங்கும் சரியாக உள்ள மங்கலான துப்பாக்கியே மேல்.

5. பில், பதிவு, வீட்டுக்குக் கொண்டுவருதல்

சோதனை முடிந்து மனம் நிறைந்த பிறகே பணம் கொடுங்கள். கடைக்காரர் தம் பதிவேட்டிலும் உங்கள் உரிமத்திலும் ஆயுதத்தின் வகை, போர், எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் இடுவார். எழுதும்போதே ஒவ்வோர் இலக்கமாக நீங்களும் சேர்ந்து படியுங்கள். உங்கள் கண்முன் எழுதப்படும் பிழையை அந்த இடத்திலேயே திருத்திக் கையெழுத்து வாங்கிவிடலாம், மறுநாள் தெரியவந்தால் அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். பில்லில் வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கட்டும். உற்பத்தியாளரின் கையேடு, உத்தரவாத அட்டை, பெட்டியில் வரவேண்டிய துடைப்புக்கோல் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது துப்பாக்கி காலியாகப் பூட்டிய பெட்டியிலும், தோட்டா வேறொரு பையிலும், அசல் உரிமமும் பில்லும் உங்கள் சட்டைப்பையிலும் இருக்கட்டும். வழியில் உறவினர் வீட்டில் இறங்கிக் காட்டிவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் வேண்டாம். உரிமம் இல்லாத ஒருவர் உங்கள் துப்பாக்கியை எடுத்துச்செல்லச் சட்டம் இடம் தருவது, நீங்கள் உடனிருக்கும்போதோ உங்கள் எழுத்துவழி அனுமதியோடோ, பழுதுபார்க்கவும் உரிமம் புதுப்பிக்கவும் உங்கள் பயன்பாட்டுக்கும் மட்டுமே. மகனிடமோ ஓட்டுநரிடமோ பையைக் கொடுத்து அனுப்பிவிட்டு நீங்கள் வேறு வண்டியில் வருவது பெரிய சிக்கலில் கொண்டுவிடும்.

உரிமத்தில் குறிக்கப்பட்ட காலத்துக்குள் துப்பாக்கியை உரிம அதிகாரியிடம் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். காவல் நிலையத்திலும் காட்டச் சொன்னால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். காட்டியதற்கு அடையாளமாக உரிமத்தில் முத்திரையோ தனிச் சீட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய அதே வாரத்தில் முடித்துவிட்டால், அதிகாரி விடுப்பில் இருந்தாலும் மறுமுறை போக நாள்கள் மிச்சமிருக்கும்.

6. துடைக்கத் தேவையானவை

விலையுயர்ந்த பெட்டித்தொகுப்பு எதுவும் தேவையில்லை. 32 போருக்குப் பொருந்தும் வெண்கலத் தூரிகை, பித்தளையிலோ பூச்சிட்ட எஃகிலோ ஆன ஒரு துண்டுக் கோல், துணி மாட்டும் முனை, பழைய பல்துலக்கி, வெள்ளைப் பருத்தித் துணித்துண்டுகள், துப்பாக்கிக்கான கரைப்பான், நல்ல மெல்லிய கன்-ஆயில் ஆகியவை போதும். எல்லாம் சேர்ந்தும் துப்பாக்கியின் விலையில் மிகச் சிறு பங்கே ஆகும். என்.சி.சி.யில் ரைபிள் துடைத்தவர்கள் குழலுக்குள் விட்டு இழுக்கும் புல்-த்ரூ கயிற்றையும், அதில் மாட்டும் துடைப்புத் துணியான சிந்தித் துணியையும் நினைவில் வைத்திருப்பார்கள். அதே துணி இங்கேயும் உதவும், ஆனால் ரைபிளின் நீண்ட குழலுக்கான கயிறு ரிவால்வரின் குட்டைக் குழலுக்கு வேண்டியதில்லை. துணித்துண்டு உள்ளே இறுக்கமாக, ஆனால் சிக்காமல் போகும் அளவில் இருக்கவேண்டும்.

தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்தச் சொல்லும் பெரியவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளடைவில் காறலெடுத்துப் பிசினாகும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணெய்க்கும் இந்தப் பிசின் குறை உண்டு. கன்-ஆயில் கிடைக்காத அவசரத்தில் தையல் இயந்திர எண்ணெய் எவ்வளவோ மேல். துருவை இளக்கும் ஸ்ப்ரேக்களை ஈரத்தை வெளியேற்றப் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றையே மசகாக விட்டுவிடக்கூடாது. உப்புத்தாளையும் உலோகப் பாலிஷையும் பக்கத்திலேயே வைக்காதீர்கள், கறுப்புப் பூச்சை அவை எடுத்துவிடும்.

7. முதன்முறை துடைப்பது

புதிய துப்பாக்கியை ஏன் துடைக்கவேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். தொழிற்சாலையில் பூசும் கெட்டிக் கிரீஸ், கிடங்கில் துருப்பிடிக்காமல் காப்பதற்கானது. அது அறைகளுக்குள் இருந்தால் தோட்டா முழுதாக அமராது, அடிமுனையின் துளையில் இருந்தால் அடி பலவீனமாகும், குழலுக்குள் தடித்துப் படிந்திருந்தால் ஆபத்தும் உண்டு. ஆகையால் முதல் தோட்டாவைப் போடுமுன் இந்த வேலை முடிந்திருக்கவேண்டும். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

காற்றோட்டமுள்ள அறையில், அடுப்பும் விளக்கும் சிகரெட்டும் இல்லாத இடத்தில், மேசைமேல் பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் அந்த அறைக்குள் வரக்கூடாது. தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு வந்து உட்காருங்கள். கைக்கு மெல்லிய ரப்பர் உறை போட்டுக்கொள்வது நல்லது. மறுபடி திறந்து ஆறு அறைகளையும் பாருங்கள்.

கரைப்பானில் நனைத்த துணியைக் கோலில் மாட்டிக் குழலுக்குள் விடுங்கள். மடங்கும் வகையில் சிலிண்டரும் குழலோடு சேர்ந்தே சாய்வதால், பெரும்பாலும் குழல்வாய்ப் பக்கமிருந்துதான் கோலை நுழைக்கவேண்டியிருக்கும். அப்போது கோல் வாயின் விளிம்பில் உரசாதபடி விரல்களால் நடுவில் பிடித்துச் செலுத்துங்கள். முதல் துணி கறுப்பாக வரும், அதைத் தூக்கிப்போட்டுப் புதிதை மாட்டுங்கள். ஐந்து நிமிடம் ஊறவிட்டு வெண்கலத் தூரிகையை முழு நீளத்துக்கும் சில முறை விட்டெடுங்கள். தூரிகையைப் பாதிவழியில் திருப்பி இழுக்காதீர்கள், மறுமுனை வெளிவந்த பிறகே பின்னிழுக்கவேண்டும். பிறகு துணி வெள்ளையாக வரும்வரை உலர்ந்த துண்டுகளால் துடையுங்கள்.

ஆறு அறைகளையும் இதேபோல் ஒவ்வொன்றாகச் செய்யவேண்டும். அறைகளின் முன்பாதியில் உட்புறம் சிறிது குறுகும். அந்த விளிம்பில்தான் கிரீஸும் பிற்காலத்தில் ஈயமும் தங்கும் என்பதால் தூரிகையை அங்கே சற்று சுழற்றுங்கள். அடுத்ததாக, பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடத்துக்கு வாருங்கள். வெளித்தள்ளியை முழுதாக எழுப்பி, நட்சத்திரத் தகட்டின் அடிப்புறத்தையும் அது அமரும் பள்ளத்தையும் பல்துலக்கியால் துலக்குங்கள். அங்கே ஒரு மணல் துகளோ எரியாத வெடிமருந்துத் துணுக்கோ சிக்கினால் தகடு உயர்ந்து நிற்கும், சிலிண்டர் பின்சட்டத்தில் உரசி இறுகும், விசை கனக்கும். "பழுதாகிவிட்டது" என்று பணிமனைக்கு எடுத்துப்போகும் ரிவால்வர்களில் சில, இந்த ஓர் இடத்தைத் துலக்கியதும் சரியாகிவிடும். இங்கே எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் துகள்களைப் பிடித்துவைக்கும்.

குழலின் பின்வாய், சிலிண்டரின் முன்முகம், அடிமுனை வெளிவரும் துளை, சுத்தியின் இருபுறம், தாழின் பிடிப்பகுதி, மடங்கும் கீல் ஆகியவற்றைப் பல்துலக்கியாலும் துணியாலும் துடையுங்கள். பக்கத் தகட்டுத் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் சுருள்வில்லும் நெம்புகளும் ஒருமுறை இடம்பெயர்ந்தால் வீட்டில் திரும்ப அமர்த்துவது கடினம். அராவுவதும் துளையிடுவதும் விசையின் கனத்தைக் குறைக்க முயல்வதும் உத்தரவாதத்தை மட்டுமன்றி உரிமத்தையும் பாதிக்கும். ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். உள்பாகங்களில் குறை தெரிந்தால் அத்தகைய உரிமமுள்ள பணிமனைக்கே போங்கள்.

எண்ணெயை அளவாக இடுங்கள். ஓர் ஊசிமுனையில் எடுத்த துளி கீலுக்கு, ஒன்று சிலிண்டர் சுழலும் அச்சுக்கு, ஒன்று சுத்தியின் அடிப்புறத்துக்கு, ஒன்று தாழுக்கு. குழலுக்குள் எண்ணெய் தடவிய ஒரு துணியை ஒருமுறை விட்டெடுத்தால் போதும். அறைகளில் எண்ணெய் ஈரம் மிஞ்சக்கூடாது. தோட்டாவின் பின்புறக் கேப்புக்குள் எண்ணெய் கசிந்து இறங்கினால், தேவைப்படும் நாளில் அது வெடிக்காமல் போகலாம். வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, கைரேகை படாமல் வையுங்கள். நம் வியர்வையின் உப்பு ஒரே இரவில் துருப்புள்ளியை உண்டாக்கும்.

முடிந்ததும் மூடித் திறந்து, சுத்தியை ஆறு அறைகளுக்கும் மெதுவாக இழுத்து இறக்கி, கடையில் பார்த்த சோதனைகளை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கிரீஸ் மறைத்திருந்த குறை இப்போது தெரியவந்தால் அன்றே படமெடுத்து, கடைக்காரருக்கும் உற்பத்தியாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசிப் பேச்சை மட்டும் நம்பியிருக்காதீர்கள். பயன்படுத்திய துணிகளைத் திறந்தவெளியில் உலரவிட்டு, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். கைகளைச் சோப்பால் நன்றாகக் கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொடுங்கள். சுட்ட துப்பாக்கியைத் துடைக்கும் நாள்களில் ஈயத்தூளும் சேர்ந்திருக்கும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

8. முதல் சூடு

தோப்பிலோ மொட்டைமாடியிலோ ஒன்று சுட்டுப் பார்க்கலாம் என்ற நினைப்பை அடியோடு விட்டுவிடுங்கள். பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அலட்சியமாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டால் ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் 9-ஆம் உட்பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். சென்னை, கோயம்புத்தூர், மதுரை போன்ற ஊர்களில் உள்ள ரைபிள் கிளப்புகளை அணுகி, தற்காப்பு உரிமத்திலுள்ள 32 போரை அங்கே சுட அனுமதி உண்டா, பயிற்சியாளர் உடனிருப்பாரா, கட்டணம் என்ன என்று முன்கூட்டியே கேளுங்கள். எல்லாக் களங்களும் எல்லா வகைத் துப்பாக்கிகளையும் ஏற்பதில்லை.

களத்தில் கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். முதலில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலைக் குறியின் பக்கமே பிடித்தபடி அரை நிமிடம் காத்திருந்து பிறகு திறவுங்கள். வழக்கமான ஓசைக்குப் பதிலாகப் 'பொத்'தென்று மந்தமாகக் கேட்டால், அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். ஈயக்குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். காலிக்கூடுகளை எண்ணி எடுத்துவந்து, எந்தத் தேதியில் எங்கே எத்தனை சுட்டீர்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை தோட்டா வாங்கும்போதும் உரிமம் புதுப்பிக்கும்போதும் கணக்கு கேட்பார்கள்.

9. மழைக்காலமும் பாதுகாப்பும்

சுட்ட நாளிலேயே துடைத்துவிடுங்கள். சுடாவிட்டாலும் மாதம் ஒருமுறை, கடற்கரை ஊர்களிலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களிலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எண்ணெய்த் துணியால் வெளியையும் குழலையும் துடையுங்கள். தோல் உறையிலேயே நாள்கணக்காக வைத்திருப்பது பொதுவான தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சும், அதைப் பதப்படுத்திய இரசாயனங்களும் எஃகை அரிக்கும். உறை அணிந்து செல்வதற்கு மட்டும்தான். வீட்டில் எண்ணெய் பூசிய துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் பூட்டிவையுங்கள். தோட்டாவுக்கு வேறு பூட்டு, சாவிகள் உங்களிடம் மட்டும்.

தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம்பெற்ற கடையிலோ ஒப்படைக்கும்படி ஆணை வரலாம். கடையில் வைத்தால் மாதக் கட்டணம் கேட்பார்கள். ஒப்படைக்குமுன் நன்றாகத் துடைத்துச் சற்றுத் தாராளமாக எண்ணெய் பூசுங்கள், எண்ணையும் அன்றைய நிலையையும் குறிப்பிட்ட ரசீது வாங்குங்கள், எல்லாப் பக்கமும் படமெடுத்து வையுங்கள். திரும்பப் பெறும்போது அந்த மேசையிலேயே திறந்து, 4-ஆம் பகுதியிலுள்ள சோதனைகளைச் செய்து பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். உரிமம் முடியும் நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்து, துப்பாக்கியையும் தோட்டாக் கணக்குக் குறிப்பேட்டையும் பரிசோதனைக்கு ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.